ஹேண்டில்பாரை மாற்றினால் சைக்கிளே மாறும்!

இடுப்பு வலியும் கை மரப்பும் எங்கிருந்து வருகின்றன?
திருச்சி – ஸ்ரீரங்கம் சைக்கிள்காரர்கள் கவனத்துக்கு

காவிரிப் பாலத்தின் ஸ்ரீரங்கம் முனையில் காலை 8 மணிக்கு ஒரு கால் மணி நேரம் நின்று பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவே புகுந்து புகுந்து சைக்கிள்களும் வரும். பொன்மலை ஒர்க்‌ஷாப்புக்குச் சாரை சாரையாகச் சைக்கிள் போன காலம் இல்லை இது. ஆனாலும் வரும்.

வருகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டாம். முதுகைப் பாருங்கள்.

பின்னால் பால் கேன் கட்டியவர், நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து வருவார். நேர்க்கம்பி வைத்த கியர் சைக்கிளில் வரும் காலேஜ் பையன் பாதி குனிந்திருப்பான். தலையில் ஹெல்மெட், கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு உடற்பயிற்சிக்கு வருகிறவர் சுத்தமாக மடங்கிக் கிடப்பார். மூன்று பேரும் ஒரே பாலத்தில்தான் போகிறார்கள். மூன்று முதுகும் மூன்று விதம்.

இதற்குக் காரணம் வயசு அல்ல. வீரமும் அல்ல. ஹேண்டில்பார்!

"மட்டும்" என்கிற வினை

சைக்கிள் கடைகளில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது: "அண்ணே, வண்டி நல்லாத்தான் இருக்கு. ஹேண்டிலை மட்டும் மாத்திக் குடுங்க."

அப்பா ஓட்டிய கறுப்புச் சைக்கிள். அதில் நேர்க்கம்பி போட்டால் ஸ்டைலாக இருக்கும் என்று பையனுக்கு ஆசை. இன்னொரு பக்கம், புதுசாக வாங்கிய கியர் சைக்கிளில் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போன கிளார்க், "பழைய வளைஞ்ச ஹேண்டில் கிடைக்குமா?" என்று கேட்டு வருகிறார். இரண்டு பேரும் "மட்டும்" என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த "மட்டும்"தான் வினை. சைக்கிளில் ஹேண்டில்பார் தனிச் சாமான் அல்ல. கை எங்கே நிற்கும் என்று முடிவு செய்துகொண்டுதான் பிரேமின் குழாய்களை எத்தனை நீளம், எத்தனை சாய்வு என்று வைக்கிறார்கள். கையை இடம் மாற்றினால் தோள் மாறும், இடுப்பு மாறும், பாரம் விழுகிற இடம் மாறும். பல சமயம் பிரேக்கே போய்விடும். அது பின்னால் வருகிறது.

கறுப்புச் சைக்கிளின் கணக்கு

முதலில் நம் பழைய கறுப்புச் சைக்கிள். இங்கிலாந்துக்காரன் போட்ட அச்சு. 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. 1951-ல் சோனிப்பட்டில் அட்லஸ். 1956-ல் லூதியானாவில் ஹீரோ. பெயர்தான் வேறு, உருவம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே. (அட்லஸ் கம்பெனி தன் சாகிபாபாத் தொழிற்சாலையை மூடிய தேதி 2020 ஜூன் 3. அன்றைக்கு உலக சைக்கிள் தினம்! விதியைப் பாருங்கள்.)

இந்த வண்டியில் ஹேண்டில் முன்னால் போய், இரண்டு பக்கமும் விரிந்து, ஓட்டுகிறவரை நோக்கித் திரும்பி வருகிறது. கைப்பிடி கழுத்துக் குழாய்க்கும் பின்னால் வந்து நிற்கும். கை தானாக மடியருகே வந்துவிடும். முதுகு நிமிர்ந்துவிடும்.

முதுகு நிமிர்ந்தால் உடம்பின் பாரம் கையில் இறங்காது. முழுக்க சீட்டில்தான் இறங்கும். அதனால்தான் அந்தச் சீட் அகலம். அடியில் சுருள் ஸ்பிரிங்.

இதோடு நிற்கவில்லை. சீட்டைத் தாங்கும் குழாயைக் கவனியுங்கள். நட்டுக்குத்தாக நிற்காது. சாய்வு நாற்காலி மாதிரி பின்னால் சரிந்திருக்கும். தரையோடு சுமார் 67 டிகிரி. ரேஸ் சைக்கிளில் இதே குழாய் 73 டிகிரி வரை நிமிர்ந்து நிற்கும்.

ஆறு டிகிரி ஒரு பெரிய விஷயமா? விஷயம்தான். பெடல் அச்சிலிருந்து சீட் 27 அங்குல தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆறு டிகிரியில் சீட் இரண்டரை அங்குலத்துக்கு மேல் பின்னால் போய்விடுகிறது. கால் கொஞ்சம் முன்னால் நீண்டு மிதிக்கிறது. ஆள் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறார்.

முன் போர்க்கும் நன்றாக முன்னால் வளைந்திருக்கும். இரண்டு சக்கரத்துக்கும் இடைவெளி அதிகம். சக்கரம் 28 அங்குலம். குண்டும் குழியுமான ரோட்டில் தூக்கிப் போடுவது குறையும். கேரியரில் இலைக்கட்டு, அரிசி மூட்டை எதை ஏற்றினாலும் வண்டி நேரே போகும். வெடுக்கென்று திரும்பாது. சித்திரை வீதியில் வேட்டியோடு ஏறி, ஒரு கையில் பூக்கூடையைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் ஓட்டுகிற பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது அவர் சாமர்த்தியம் பாதி. மீதி அந்தப் பிரேமின் சரிவு.

அட்டை மனிதன்

ரேஸ் சைக்கிளில் ஏன் எல்லாமே வேறு மாதிரி? வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம்.

அட்டையில் நிமிர்ந்து சைக்கிள் ஓட்டும் மனிதன் ஒருவனை வெட்டிக்கொள்ளுங்கள். பெடல் அச்சு இருக்கிற இடத்தில் ஒரு ஆணி குத்தி, சுவரில் மாட்டுங்கள். இப்போது ஆளை அப்படியே முன்பக்கம் சாயச் சுழற்றுங்கள். முதுகு குனிகிறது. கை கீழே இறங்கி முன்னால் போகிறது. இடுப்பும் முன்னால் வந்துவிடுகிறது. கவனியுங்கள், இடுப்பு மடிந்த அளவு மாறவில்லை!

ரேஸ் சைக்கிளின் ரகசியம் இவ்வளவுதான். இடுப்பு முன்னால் வந்தால் சீட் முன்னால் வரவேண்டும். அதற்காகவே சீட் குழாய் நிமிர்கிறது.

ஹேண்டில் ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி முன்னால் போய் வளைந்து கீழே இறங்குகிறது. பிரேக் பிடி இருக்கிற மேட்டில் கை வைத்தால், கம்பியைப் பூட்டிய இடத்திலிருந்து மூன்று நாலு அங்குலம் முன்னாலேயே கை நிற்கும். அவ்வளவு தூரத்தை ஹேண்டிலே கொடுத்துவிடுவதால் பிரேமின் மேல் பாரை அதற்கேற்பக் குட்டையாக வைக்கிறார்கள்.

நேர்க்கம்பி வண்டியில் ஹேண்டில் முன்னால் போவதும் இல்லை, பின்னால் வருவதும் இல்லை. எனவே மேல் பார் நீளமாக இருக்கும். காடு மேடு ஓட்டுவதற்கென்று பிறந்த வண்டி அது. மேடு பள்ளத்தில் முன் சக்கரத்தை அடக்கிப் பிடிக்க அகலக் கம்பி வேண்டும். ரேஸ் ஹேண்டில் 40, 44 சென்டிமீட்டர்தான். நேர்க்கம்பி 60-க்குக் குறையாது; 70-ஐத் தாண்டியும் வருகிறது. மலைக்காட்டில் சரி. மாலை 6 மணிக்கு என்.எஸ்.பி. ரோட்டிலும் சின்னக்கடை வீதியிலும் இதை ஓட்டிக்கொண்டு போனால், வலது முனை ஒருத்தர் பையில் மாட்டும். இடது முனை துணிக்கடை பொம்மையின் சேலையில் மாட்டும்.

இப்போது "மட்டும்" கதைக்கு வாருங்கள். மேல் பார் நீளமான நேர்க்கம்பி வண்டியில் கொம்பு ஹேண்டில் பூட்டினால் என்ன ஆகும்? நீளத்தோடு நீளம் சேரும். கை எட்டாது. எட்டிப் பிடித்தால் பாரம் முழுக்க உள்ளங்கையில். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகும். உள்ளங்கை ஓரமாக ஓடுகிற நரம்பு நசுங்குவதால் வருகிற கோளாறு அது. டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

நேர் எதிராக, குட்டைப் பார் ரேஸ் வண்டியில் வளைந்த ஹேண்டில் பூட்டினால் கை வயிற்றில் இடிக்கும். திரும்பும்போது முழங்கால் கைப்பிடியில் முட்டும். முதுகு நிமிர்ந்துவிடும், சீட்டோ ஒல்லிச் சீட்டாகவே இருக்கும். மொத்தப் பாரமும் அதில் இறங்கினால் ஆள் பாலக்கரை போய்ச் சேர்வதற்குள் எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்துவிடுவார்.

பிரேக் போன கதை

இதையெல்லாம் விட மோசம் கறுப்புச் சைக்கிளில் ஹேண்டில் மாற்றுவது. இது இடுப்பு வலியோடு போகிற சமாசாரம் அல்ல. உயிர் சமாசாரம்.

அந்த வண்டியில் பிரேக்குக்கு ஒயர் கிடையாது. எல்லாம் இரும்புக் கம்பி. பிடியை அமுக்கினால் ஹேண்டிலோடு ஒட்டிப் போகிற கம்பி திரும்பி, கீழே இறங்குகிற கம்பியைத் தூக்கும். அது பிரேக் கட்டைகளைத் தூக்கும். பின் பிரேக்குக்குப் பிரேமின் அடிவழியாக இன்னொரு கம்பி. இவ்வளவும் அந்த ஹேண்டிலின் வளைவுக்கு அளந்து செய்தது. ஹேண்டிலைக் கழற்றினால் பிரேக்கின் தலையைக் கழற்றியதாக அர்த்தம்.

"சரி, ஒயர் பிரேக் போட்டுக்கலாம்!" என்பீர்கள். இங்கேதான் வேடிக்கை.

ஒயர் பிரேக், ரிம்மை இரண்டு பக்கமும் கிடுக்கி மாதிரி பிடிக்கும். அதற்கு ரிம்மின் பக்கவாட்டு தட்டையாக இருக்க வேண்டும். கறுப்புச் சைக்கிள் ரிம்மில் பக்கவாட்டு உருண்டை. ஏனென்றால் அதன் கட்டைகள் பக்கத்தில் பிடிப்பதில்லை. போக்ஸ் கம்பி இருக்கிற உள்பக்கத்திலிருந்து வெளியே பார்த்து அழுத்துகின்றன. எனவே ரிம்மை மாற்ற வேண்டும். ரிம்மை மாற்றினால் போக்ஸ் கம்பி புதிதாகக் கோர்த்துக் கோட்டம் எடுக்க வேண்டும். அதோடு முடிந்ததா? போர்க்குக்கும் டயருக்கும் நடுவே இடைவெளி அதிகமாக விட்ட வண்டி அது. சாதாரண ஒயர் பிரேக்கின் கை ரிம் வரைக்கும் எட்டாது.

ஹேண்டிலை "மட்டும்" மாற்றப் போனவர், கடைசியில் பாதி வண்டியை மாற்றிவிட்டு வருவார்.

மாற்றினால் தேவலை. பல பயல்கள் மாற்றுவதில்லை! ஹேண்டிலைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டி, கம்பிகளைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, பிரேக்கே இல்லாமல் ஓட்டுகிறார்கள். நிறுத்த வேண்டுமானால் செருப்புக் காலை முன் டயரில் வைத்துத் தேய்ப்பது. பாலத்திலிருந்து மாம்பழச்சாலைப் பக்கம் இறங்கும்போது குறுக்கே ஒரு ஆட்டோ வந்தால் செருப்பு என்ன செய்யும்?

ஒரு காலத்தில் விளக்கில்லாமல் போன சைக்கிளை நிறுத்தி, டயர் காற்றைப் பிடுங்கிவிட்ட போலீஸ்காரர்கள் உண்டு. டபுள்ஸ் போனாலும் பிடிப்பார்கள். இன்றைக்கு ஹெல்மெட் இல்லாத மோட்டார் சைக்கிளைப் பிடிக்கவே அவர்களுக்கு நேரம் போதவில்லை. பிரேக் இல்லாத சைக்கிளை யார் பார்ப்பது? அப்பா அம்மா பார்த்தால்தான் உண்டு.

ஆடிக் காற்றும் ஸ்காட்லாந்துக்காரரும்

அப்படியானால் குனிந்து ஓட்டுவதே தப்பா? அதுவும் இல்லை. ஆடி மாதம் சத்திரத்திலிருந்து கரூர் ரோட்டில் மேற்கே மிதித்துப் பாருங்கள். குடமுருட்டியைத் தாண்டினால் எதிர்க்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. நிமிர்ந்த நெஞ்சு படுதா மாதிரி காற்றை வாங்கும். குனிந்தால் தப்பிக்கலாம். ரேஸ்காரர்கள் குனிவது அழகுக்காக அல்ல.

இதில் ஒருத்தர் உலகத்தையே ஏமாற்றினார். ஸ்காட்லாந்துக்காரர். பெயர் கிரேம் ஓப்ரீ. கையை முன்னால் நீட்டினால்தானே காற்றில் படும், நெஞ்சுக்கு அடியிலேயே மடக்கி வைத்தால் என்ன என்று யோசித்தார். அப்படிக் கை வைக்க ஹேண்டிலை மாற்றினார். ஹேண்டிலை மாற்றியதும் பழைய பிரேம் ஒத்துவரவில்லை. உடம்பு முன்னால் தொங்கியது; முழங்கால் மேல் பாரில் இடித்தது. மேல் பாரே இல்லாமல் ஒரு பிரேமைத் தானே செய்தார். கால்கள் நெருங்கி மிதிக்கும்படி பெடல் அச்சைக் குறுக்கினார். அதற்குத் துணி துவைக்கும் மெஷினிலிருந்து பால்ரஸைக் கழற்றிப் போட்டார்!

1993 ஜூலை 17-ல் நார்வேயின் ஹாமார் நகரில் அந்த வண்டியில் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை செய்தார். 1994-ல் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் அந்த மாதிரி கை வைத்து ஓட்டவே தடை போட்டுவிட்டது. ஒரு ஹேண்டில்பார் என்ன பாடு படுத்தியிருக்கிறது பாருங்கள்.

ஆனால் ஓப்ரீ ஓட்டியது பந்தய மைதானத்தில். அங்கே குழி இல்லை, மாடு இல்லை. காவிரிப் பாலத்தின் இணைப்புகளில் வண்டி தூக்கித் தூக்கிப் போட்ட அனுபவம் ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு வருஷக்கணக்காக உண்டு. கடைசியில் 2022-ல் பாலத்தை மூடி மராமத்து செய்து, 2023 மார்ச்சில் திறந்தார்கள். அப்படி ஒரு அதிர்ச்சி வரும்போது நிமிர்ந்தவருக்கு அது சீட்டின் ஸ்பிரிங்கில் போகும். குனிந்தவருக்கு மணிக்கட்டில் போகும். ஆபீசுக்கு 15 நிமிஷம் மெதுவாக மிதிக்கிறவருக்குக் காற்று பெரிய எதிரி அல்ல, ரோடுதான் எதிரி. அவருக்கு வளைந்த ஹேண்டிலே மேல் என்பது இந்த நிருபரின் கட்சி.

பார் வைத்த சைக்கிள்

மேல் பாரைப் பற்றி இன்னும் ஒன்று. அதன் உயரம் பெரிய ஆளுக்காக வைத்தது. எட்டு வயசுப் பையன் சீட்டில் உட்கார முடியாது. எனவே பாருக்கு அடியில், முக்கோணத்துக்குள் காலை விட்டு, இடுப்பைக் கோணலாக ஒடித்து மிதித்தான். அதுதான் குரங்குப் பெடல். அந்தப் பெயரில் 2024-ல் சினிமாவே வந்துவிட்டது. மணிக்கணக்கில் வாடகைச் சைக்கிள் எடுத்து, முட்டியைப் பெயர்த்துக்கொண்டு கற்ற தலைமுறை தியேட்டரில் போய் உட்கார்ந்து ரசித்தது.

பெண்களுக்குப் பார் இல்லாத வண்டி செய்தார்கள். சேலை, பாவாடைக்கு அதுதான் வசதி என்று கணக்கு. ஆனால் பக்கத்துப் புதுக்கோட்டையில் என்ன நடந்தது தெரியுமா? 1991-ல் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். அவர்களில் பலர் ஆண்கள் ஓட்டும் பார் சைக்கிளையே விரும்பியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். காரணம், சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே இருக்கிற அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம்! டிசைன் போட்டவர்களுக்குத் தோன்றாத கணக்கு தாய்க்குத் தோன்றியது.

பள்ளிக்கூட சைக்கிள்

பிளஸ் 1 மாணவர்களுக்கு அரசு இலவசமாகத் தரும் சைக்கிள் இன்றைக்கு திருச்சித் தெருக்களில் நிறைய ஓடுகிறது. 2001-02-ல் தொடங்கிப் பின்னால் விரிவான திட்டம். ஆண் பிள்ளைக்கு ஒரு மாதிரி, பெண் பிள்ளைக்கு ஒரு மாதிரி. ஆனால் ஐந்தடிப் பையனும் ஆறடிப் பையனும் ஒரே வகுப்பில்தான் படிக்கிறார்கள். கைக்கு வருவது ஒரே அளவு வண்டி.

நெட்டைப் பையன் என்ன செய்கிறான்? சீட்டை மட்டும் தூக்குகிறான். மறுபடியும் "மட்டும்"! சீட் ஏறியதும் ஹேண்டில் பள்ளத்தில் போய்விடுகிறது. குனிகிறான். முதுகில் புத்தக மூட்டை வேறு. உடனே ஹேண்டிலை இழுத்து இழுத்து உயர்த்துகிறான். அதிலும் ஒரு ஆபத்து உண்டு.

கழுத்துக் குழாய்க்குள் இறங்குகிற ஹேண்டில் தண்டில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது. இரண்டு இரண்டரை அங்குலமாவது தண்டு உள்ளே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு குழியில் இறங்கும்போது தண்டு மடங்கலாம், கையோடு பிடுங்கிக்கொண்டு வரலாம். இரண்டிலும் ஆள் முகம் குப்புற விழுவது நிச்சயம்.

கடைக்குப் போவதற்கு முன்

பையனுக்கோ உங்களுக்கோ வண்டி வாங்கப் போகிறீர்களா? நிறத்தையும் ஸ்டிக்கரையும் அப்புறம் பாருங்கள். முதலில் பாருக்கு இரண்டு பக்கமும் காலை ஊன்றி நில்லுங்கள். பாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல்கட்டை இடமாவது இருக்க வேண்டும். அப்புறம் சீட்டில் ஏறி, கீழே போன பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும்; அதுதான் சீட் உயரம்.

பழைய கடைக்காரர்கள் பார்க்கிற முழங்கை அளவும் உண்டு. முழங்கையைச் சீட்டின் மூக்கில் வைத்து, கையை முன்னால் நீட்டினால் நடுவிரல் ஹேண்டில் தண்டைத் தொட வேண்டும். இது துல்லியக் கணக்கு அல்ல. ஆனால் ரொம்ப எட்டாமல் போனாலோ, கை தாண்டிப் போனாலோ அந்தப் பிரேம் உங்களுக்கு இல்லை. ஹேண்டிலை மாற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீர்கள்.

நிமிர்ந்து ஓட்ட ஆசைப்பட்டால் அதற்கென்று பிறந்த வண்டியையே வாங்கலாம். சுமார் 20 கிலோ கனம்தான்; மேட்டில் மூச்சு வாங்கும். மழையில் இரும்பு ரிம்மில் பிரேக் லேசில் பிடிக்காது. இரண்டு வண்டி தூரம் முன்னாலேயே அமுக்க வேண்டும்.

இப்போதே வீட்டில் வண்டி நிற்கிறதா? கழுத்தில் அந்தக் கோட்டைத் தேடுங்கள். வெளியே தெரிந்தால் இன்றைக்கே மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போய் இறக்கச் சொல்லுங்கள். மேலே உள்ள போல்ட்டைத் தளர்த்தி, ஒரு தட்டு தட்டினால் இறங்கிவிடும். ஐந்து நிமிஷ வேலை.